கிருபையா, முயற்சியா? கிறிஸ்தவ வாழ்வில் இரண்டுக்கும் உள்ள இடம்

குடியை விடப் பலமுறை முயன்று தோற்ற ஒருவர், “இனி என்னால் ஆகாது, ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும்” என்கிறார். “நீங்கள் ஓர் அடி எடுத்து வைக்காமல் ஆண்டவர் என்ன செய்வார்?” என்கிறார் மனைவி. தானா ராத்தா தேயிலைத் தோட்டத்திலும் சரி, பட்டணத்திலும் சரி, எந்த வீட்டிலும் எழக்கூடிய பேச்சு இது. கிறிஸ்தவ சமயத்தின் மிகப் பழைய கேள்வியும் இதுதான்.

கிருபை என்பது என்ன?

தகுதி பார்க்காமல் கடவுள் தரும் தயவே கிருபை. கத்தோலிக்கர் இதை ‘அருள்’ என்பார்கள். மனிதன் தன் மனவலிமையாலேயே நல்வழியில் நடக்க முடியும் என்றார் பெலாஜியஸ். கிருபை முந்திக்கொள்ளாவிட்டால் மனம் நன்மையின் பக்கம் திரும்பாது என்று மறுத்தார் புனித அகஸ்தீன் (354–430). கி.பி. 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாஜியஸின் போதனையை நிராகரித்தது.

16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் காலத்தில் இதே கேள்வி திருச்சபையைப் பிளந்தது. 1999இல் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டார்கள். கடவுள் நம்மை ஏற்பது கிருபையால்; நற்செயல் அதன் கனி என்பது அதன் சாரம். 2006இல் மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள்.

தமிழ் மண்ணில்

தமிழ் வைணவத்திலும் இந்த விவாதம் உண்டு. தாயை இறுகப் பற்றும் குரங்குக்குட்டியை வடகலையாருக்கும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைத் தென்கலையாருக்கும் உவமையாகச் சொல்வார்கள். நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900). ஜான் பன்யனின் மோட்சப் பயணக் கதையைத் தழுவி அவர் பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளிவந்தது. பன்யனின் கதையில், பயணியின் முதுகுச் சுமை சிலுவையின் முன் தானாகக் கழன்று விழுகிறது. அது கிருபை. ஆனால் பயணம் அங்கே முடியவில்லை. மேடும் பள்ளமும் அவன் நடந்தே கடக்க வேண்டும்.

அன்றாட வாழ்வில்

ஜெபம், வேத வாசிப்பு, திருவிருந்து, உபவாசம், விசுவாசிகளின் கூடுகை ஆகியவற்றைக் ‘கிருபையின் சாதனங்கள்’ என்றார் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. இவை கிருபைக்குக் கொடுக்கும் விலை அல்ல. அதைப் பெற்றுக்கொள்ளும் வழிகள். மழையை நாம் வரவழைப்பதில்லை. அதற்காகக் கவாத்தும் களையெடுப்பும் இல்லாமல் கொழுந்து கிடைப்பதுமில்லை.

ஆகவே குடியோடு போராடுபவர் ஜெபிப்பதும், நம்பிக்கையானவரிடம் மனம் திறப்பதும் கிருபைக்கு எதிரானவை அல்ல. நெடுநாள் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் உடலுக்கு ஆபத்து நேரலாம். மருத்துவரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு ஆகாது. மீண்டும் தவறி விழுந்தாலும் கிருபை விலகிவிட்டது என்று பொருளில்லை. எழுந்து நடக்க வேண்டும் என்ற எண்ணம் வருவதே கிருபைதான். நடப்பது நம் பங்கு.