கொல்ப் திடலின் கடுமையை அளந்த வரலாறு

கொல்ப் ஆட்டத்திலே கைதேர்ந்தோனும் புதிதாய்ப் பயில்வோனும் ஒரே போட்டியில் எதிர்நின்று ஆடலாம். வல்லோன் மற்றவனுக்குச் சில அடிகளை விட்டுக்கொடுப்பான். அத்தொகையே ஹண்டிகப் எனப்படும். எத்தனை அடிகளை விடுவது நியாயம் என்பதே நெடுநாள் வழக்காயிருந்தது.

1870 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் பிறெஸ்ற்விக் திடலில் ஓப்பன் போட்டி நடைபெறுமுன்னர், பிழையற ஆடுவோன் அங்குள்ள பன்னிரு குழிகளையும் எத்தனை அடிகளில் முடிப்பான் என டோல்மன் என்பார் தேர்ந்த ஆட்டக்காரர் இருவரை வினவினார். 49 என்றனர். பங்கு வணிகத்தில் வழங்கிய ‘பார்’ என்னுஞ் சொல்லை அவர் இதற்குச் சூட்டினார். மூன்று சுற்றுக்குக் கணக்கு 147 ஆக, இளைய தொம் மொறிஸ் 149 அடிகளில் வென்றார்.

1890 இல் இங்கிலாந்தின் கொவென்றியிலே ரொதர்ஹாம் ஒவ்வொரு குழிக்கும் ஒரு நியமத் தொகை வகுத்தார். அதற்குப் பின்னர் வழங்கிய ‘போகி’ என்னும் பெயர், அக்காலத்து அரங்கப் பாடலொன்றிற் பேசப்பட்ட பூச்சாண்டியின் பெயராம்! 1911 இல் அமெரிக்கச் சங்கம் கல்கின்ஸ் வகுத்த முறையைத் தழுவி, திறாவேர்ஸ் என்னும் தலைசிறந்த வீரரின் ஆட்டத்தையே பாருக்கு அளவுகோலாக்கியது.

குறை இங்கேதான் இருந்தது. வல்லோனைக் கொண்டு அளந்த திடல் எளியோனுக்கு எவ்வளவு கடியது என்பதை எவரும் அளந்திலர். தொடக்கத்திலிருந்து 210 யார் தொலைவில் ஓடையொன்று குறுக்கிடுவதாகக் கொள்வோம். 250 யார் அடிப்பவனுக்கு அது ஒரு பொருட்டன்று. 200 யாரே அடிப்பவனோ அதன் கரையிலே தயங்கி நிற்பான். இருவருக்கும் திடல் ஒன்றே எனல் பொருந்துமா?

இதனைக் கணிதத்தால் தீர்க்க முற்பட்டவர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி டீன் கனூத். 1977 இல், மொன்றறேயிலுள்ள கடற்படைப் பட்டமேற்படிப்புக் கல்லூரியில், திடலொன்றிற்கு இரு மதிப்பீடுகள் வேண்டுமென அவர் முன்மொழிந்தார்: ஒன்று வல்லோனுக்கு, மற்றது இடைத்தர ஆட்டக்காரனுக்கு. இரண்டின் வித்தியாசத்தை ஆடவர்க்கு 5.381 ஆலும் மகளிர்க்கு 4.24 ஆலும் பெருக்கினால் ‘சரிவு’ எண் கிடைக்கும். அது 55 முதல் 155 வரை செல்லும், 113 நியம எண்.

இரு திடல்கள் வல்லோனுக்கு 72 ஆகவே அமைய, இடைத்தரத்தானுக்கு ஒன்று 90, மற்றொன்று 98 எனக் கொள்க. சரிவு முறையே 97, 140 ஆகும். ஹண்டிகப் 20 உடையோன் முதலாவதில் 17 அடிகளும், இரண்டாவதில் 25 அடிகளும் பெறுவான். பழைய முறையில் இரண்டிலும் இருபதே பெற்றிருப்பான்.

கொலறாடோவில் 1980களின் முற்பகுதியிற் சோதிக்கப்பட்ட இம்முறை, 2020 இல் தொடங்கிய உலக ஹண்டிகப் முறையிலும் இடம்பெற்றது.