கேமரா அணைந்த பிறகு

உயிரோடு இருப்பவர்களைப் பற்றி வரலாறு எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. எந்த நாளில் பேனாவை மூடுகிறோமோ, அந்த நாளின் மனநிலையே மொத்தக் கதைக்கும் தீர்ப்பாகிவிடும். மைக்கேல் ராப்பபோர்ட் இயக்கிய ‘பீட்ஸ், ரைம்ஸ் அண்ட் லைஃப்’ (2011) ஆவணப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும்.

‘எ ட்ரைப் கால்டு குவெஸ்ட்’ நியூயார்க்கின் குவீன்ஸில் தொடங்கிய ஹிப் ஹாப் குழு. கியூ-டிப்பும் ஃபைஃப் டாகும் சின்ன வயதுச் சிநேகிதர்கள். அவர்களோடு அலி ஷஹீத் முஹம்மது, ஜரோபி. முதல் ஆல்பம் 1990இல் வந்தது. பழைய ஜாஸ் இசைத்தட்டுகளிலிருந்து துண்டுகளை வெட்டியெடுத்து, சுழலவிட்டு, அதன்மேல் ராப் செய்தார்கள். அடுத்த வருடமே ‘தி லோ எண்ட் தியரி’யில் மைல்ஸ் டேவிஸோடு வாசித்த ரான் கார்ட்டர் வந்து பேஸ் வாசித்தார். பேரன்கள் வீட்டுக்குத் தாத்தா வந்த மாதிரி.

படத்தின் முதல் பாதி இந்தச் சந்தோஷம்தான். 1998இல் குழு பிரிகிறது. பிறகு மேடைக்காக மட்டும் கூடுகிறார்கள். 2008 ‘ராக் தி பெல்ஸ்’ சுற்றுப்பயணத்தில் மேடைக்குப் பின்னால் கியூ-டிப்பும் ஃபைஃபும் மோதிக்கொள்வதைக் கேமரா விடாமல் பார்க்கிறது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்த ஃபைஃபுக்கு மனைவி தன் சிறுநீரகத்தைக் கொடுக்கிறார். பார்த்துவிட்டு எழும்போது இசையைவிடச் சண்டைதான் மனசில் நிற்கிறது.

படம் வெளிவருவதற்கு முன்பே கியூ-டிப் தனக்கு இதில் ஆதரவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். 2011 ஜனவரியில் சண்டான்ஸ் விழாவில் முதல் திரையிடலுக்குக் குழுவிலிருந்து போனவர் ஃபைஃப் மட்டும்தான். ராப்பபோர்ட் பொய் சொல்லவில்லை, நடந்த சண்டையைத்தான் எடுத்தார். ஆனால் பங்காளிச் சண்டையைப் பார்த்தவர், உறவே அறுந்துவிட்டது என்ற இடத்தில் நம்மை உட்கார வைத்துவிட்டார்.

2015 நவம்பர் 13 அன்று ஜிம்மி ஃபாலனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நால்வரும் சேர்ந்து பாடினார்கள். அன்றிரவே புது ஆல்பம் செய்ய முடிவானது. ஐடியில் நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமலே ஒரு புராஜெக்டை முடித்துவிடுவோம். இவர்கள் அதற்கு நேரெதிர். பதிவுசெய்து மெயிலில் அனுப்புகிற கதையெல்லாம் வேண்டாம், நேரில் வாங்க என்றார் கியூ-டிப். உடம்பு முடியாத ஃபைஃப் கலிஃபோர்னியாவிலிருந்து விமானம் ஏறி, நியூஜெர்சியில் இருந்த அவர் வீட்டு ஸ்டுடியோவுக்கு வந்துபோனார். வேலை முடியும் முன்பே, 2016 மார்ச் 22 அன்று, 45 வயதில் இறந்தார். அந்த நவம்பரில் வெளியான ஆல்பம் பில்போர்டு பட்டியலில் நேராக முதலிடத்துக்குப் போனது. அதில் இருவரும் மாற்றி மாற்றி வரி பிடிக்கிற இடங்களைக் கேட்டால், இவர்களா பேசாமல் இருந்தார்கள் என்று இருக்கும்.

படத்தை அவசியம் பாருங்கள். ஆனால் அதோடு எழுந்து போய்விடாதீர்கள், அந்தக் கடைசி ஆல்பத்தையும் கேளுங்கள். ஃபைஃபின் கதை அங்கேதான் முடிகிறது.