பூனை வழியும் எட்டு பென்ஸும்

எங்கள் வீட்டில் அப்பா ஒரு செலவு நோட்டு வைத்திருக்கிறார். பால், கேஸ், மொய், மளிகை என்று எல்லாம் தேதி போட்டு எழுதியிருக்கும். பி.காம். படிக்கிற பையன் வீட்டில் இருந்தும் அந்த நோட்டைத் தொட எனக்கு அனுமதி இல்லை (ஒருமுறை கூட்டலில் 100 ரூபாய் விட்டுவிட்டேன், அன்றிலிருந்து). அந்த நோட்டில் 2024 ஜனவரியில் ஒரு வரி இருக்கிறது: "பூனை வழி - 350". இந்தப் பதிவு அந்த ஒரு வரியில் ஆரம்பித்து எங்கெங்கோ போய் வந்த கதை.

முதலில் வீட்டுக் கதை. எங்களுக்கு ஒரு பூனை உண்டு, பெயர் கருப்பி. ஆச்சி இருந்தவரை பின்வாசல் கதவு பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும். கருப்பி வரும், போகும், யாரையும் கேட்காது. கொசுத்தொல்லை தாங்காமல் பின்வாசலில் வலைக்கதவு போட்டோம். அது சாத்தியே இருக்க வேண்டிய கதவு. அன்றிலிருந்து கருப்பி வெளியே நின்று கத்தும், யாராவது எழுந்து போய்த் திறப்போம்.

2023 டிசம்பர் 17 இரவு. திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்களுக்குத் தேதியைச் சொன்னாலே போதும். எங்கள் தெரு கொஞ்சம் மேடு, வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் அந்த மழைச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவும் இல்லை. காலையில் பார்த்தால் வலைக்கதவின் கீழ்ப்பகுதி முழுக்க நகக்கீறல். பூனையைக் காணோம். நான்காம் நாள் பக்கத்துத் தெரு மாடிப்படிக்கு அடியில் கிடைத்தது, பின்னங்காலை இழுத்துக்கொண்டு. அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்பாதான் மறுவாரம் கார்பெண்டர் அண்ணனைக் கூட்டி வந்தார். "சார், பூனைக்காக நல்ல கதவை வெட்டவா?" என்று அவர் இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

நிற்க. கார்பெண்டர் அண்ணனின் இந்தக் கேள்வியை உலகத்தில் இதற்கு முன்னால் யாராவது கேட்டிருப்பார்களா என்று தேட ஆரம்பித்தேன். கேட்டார்களோ இல்லையோ, கூலி வாங்கியிருக்கிறார்கள். அதுவும் கணக்குப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது!

இங்கிலாந்தின் தென்மேற்கில் எக்ஸிட்டர் என்று ஒரு ஊர். அங்கே பழைய பேராலயம் ஒன்று இருக்கிறது. அதன் வடக்குப் பக்கச் சுவரில் ஒரு பெரிய வானியல் கடிகாரம், 1484-ஐ ஒட்டிய காலத்தது. சூரியன், சந்திரன் எல்லாம் பூமியைச் சுற்றுவதாகக் காட்டும் கடிகாரம், அக்கால நம்பிக்கை அப்படி. கடிகாரத்துக்குக் கீழே ஒரு மரக்கதவு, அந்தக் கதவின் அடியில் வட்டமாக ஒரு ஓட்டை. அதுதான் பூனை வழி. இன்றும் போனால் பார்க்கலாம்.

ஏன் அங்கே? பழைய கடிகாரங்களில் கனமான எடைகளைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள். கயிறு சிக்காமல் ஓட மிருகக்கொழுப்பு தடவுவார்கள். கொழுப்பு என்றால் எலிக்கு விருந்து. எலி கயிற்றைக் கடித்தால் கடிகாரம் போச்சு. ஆகவே கதவுக்குப் பின்னால் எலி இருக்கிறது, கதவுக்கு முன்னால் பூனை இருக்கிறது, நடுவில் இருப்பது கதவு மட்டும்தான். தீர்வு உங்களுக்கே தெரியும்.

வில்லியம் காட்டன் என்பவர் அங்கே 1598 முதல் 1621 வரை பிஷப்பாக இருந்தார். அவர் காலத்தில், பிஷப்பின் பூனைக்காக வடக்குப் பக்கக் கதவில் ஓட்டை வெட்டிய தச்சர்களுக்கு 8 பென்ஸ் கொடுத்ததாகப் பேராலயக் கணக்கில் பதிவு இருக்கிறது. அப்போது ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். தென் இங்கிலாந்தில் கட்டட வேலைக்குப் போகும் சாதாரணக் கூலியாளின் ஒரு நாள் சம்பளம் ஏறக்குறைய 8 பென்ஸ்தான். அதாவது ஒரு பூனை ஓட்டை = ஒரு ஆள் கூலி. எங்கள் வீட்டு 350 ரூபாயை விட எக்ஸிட்டர் ரேட் கொஞ்சம் அதிகமா, குறைவா என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள் :-)

இதை விடச் சுவாரசியம் அதற்கு முந்தைய கணக்குகளில் இருக்கிறது. 1305 முதல் 1467 வரை, அதே பேராலயத்தின் செலவுக் கணக்கில் ஆலயக் காவலருக்கும் பூனைக்கும் என்று காலாண்டுக்கு 13 பென்ஸ் எழுதியிருக்கிறார்கள். காலாண்டுக்கு 13 வாரம், ஆக வாரம் ஒரு பென்னி. எலி மட்டும் தின்று பூனை வாழாது, மேல்படியாக ஏதாவது வாங்கிப் போட வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது. சில இடங்களில் அது 26 பென்ஸ் ஆகிறது. இரண்டாவது பூனையை வேலைக்கு எடுத்தார்களா, இருந்த பூனைக்கே சம்பள உயர்வா, அது கணக்குப்பிள்ளைக்குத்தான் வெளிச்சம்.

காமர்ஸ் மாணவன் கண்ணோடு பார்த்தால் இங்கே ஒரு மாற்றம் தெரிகிறது. 14-ஆம் நூற்றாண்டில் பூனை சம்பளப் பட்டியலில் இருக்கிறது. வாராவாரம் வரும் செலவு, ரெவின்யூ எக்ஸ்பென்டிச்சர். காட்டன் பிஷப் காலத்தில் ஒரே ஒருமுறை செய்து பல வருடம் பயன்படும் செலவு, கேபிட்டல் எக்ஸ்பென்டிச்சர். இன்னொன்றும் கவனியுங்கள். முதலில் அது "பூனை", அவ்வளவுதான். பின்னால் "பிஷப்பின் பூனை". வேலைக்காரப் பூனை, ஒருவருடைய பூனையாகிவிட்டது. யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராதா என்ன?

இந்த எக்ஸிட்டர் ஓட்டையை "உலகின் முதல் பூனைக் கதவு" என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். இன்றும் கண்ணால் பார்க்கக்கூடிய மிகப் பழைய ஒன்று என்று சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். முதல் என்றால் இடிக்கிறது. 1400-ல் இறந்துபோன சாஸர் எழுதிய கேன்டர்பரி கதைகளில் ஆலைக்காரன் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு தச்சன் வீடு, அதில் வாடகைக்கு இருக்கும் மாணவன் ஒருவன் அறையைப் பூட்டிக்கொண்டு சத்தமே இல்லாமல் கிடக்கிறான். வேலைக்காரன் கதவின் அடியில் பூனை போகிற ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கிறான். சாஸர் அந்த ஓட்டையைப் பற்றிப் பெரிதாக விளக்கவில்லை. படிப்பவர்களுக்குத் தெரிந்த சமாச்சாரம் என்று தாண்டிப் போகிறார். அப்படியென்றால் காட்டன் பிஷப்புக்கு 200 வருடம் முன்பே சாதாரண வீடுகளில் இது சகஜம் என்றுதானே அர்த்தம்?

பிற மொழிகளும் அதைத்தான் சொல்கின்றன. ஸ்பானிஷில் இதற்கு "கட்டேரா" என்று தனிச்சொல். பிரெஞ்சில் "ஷாத்தியேர்". பிரெஞ்சுக்காரர்கள் குகைகளுக்குள் தவழ்ந்து போகும் குறுகிய சந்துக்கும் அதே சொல்லை வைத்துவிட்டார்கள். இப்படி இன்னொரு பொருளுக்குக் கடன் கொடுக்கும் அளவுக்கு ஒரு சொல் புழங்கியிருந்தால், பொருளும் பழையதாகத்தான் இருக்கும்.

யோசித்தால் இதில் ஆச்சரியமும் இல்லை. தானியம் சேர்த்த இடத்தில் எலி, எலி வந்த இடத்தில் பூனை. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுப் பழைய ஒரு புதைகுழியில் மனிதனுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்டார்கள். அந்தத் தீவில் பூனை இயற்கையாக இல்லை. யாரோ படகில் ஏற்றிக் கொண்டுபோயிருக்க வேண்டும். அவ்வளவு நாள் பழக்கத்தில் கதவில் ஒரு ஓட்டை விழுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

சரி, இப்போது நீங்கள் எல்லாரும் எதிர்பார்க்கும் ஆளுக்கு வருவோம். நியூட்டன்! பள்ளிக்கூடத்தில் நமக்கெல்லாம் சொன்ன கதை. பெரிய பூனைக்குப் பெரிய ஓட்டையும் குட்டிக்குச் சின்ன ஓட்டையும் போட்டாராம், பெரிய ஓட்டையிலேயே குட்டியும் போகும் என்று அந்த மேதைக்குத் தோன்றவில்லையாம். நானும் இதை நம்பித்தான் வளர்ந்தேன்.

நியூட்டன் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இருந்தது 1661 முதல் 1696 வரை. 1827-ல் வெளிவந்த ஒரு கல்லூரி நினைவுப் புத்தகத்தில் ரைட் என்பவர் இந்தக் கதையைச் சொல்லி, கதவில் அடைக்கப்பட்ட இரண்டு ஓட்டைகள் இருப்பது உண்மைதான் என்றும் எழுதுகிறார். நடுவில் 131 வருடம். அந்த இடைவெளியில் அந்த அறையில் எத்தனை பேர் குடியிருந்திருப்பார்கள்! இன்னொரு பக்கம், 1680-களில் நியூட்டனுக்கு உதவியாளராகக் கூடவே இருந்த ஹம்ஃப்ரி நியூட்டன் (பெயர் ஒற்றுமைதான், உறவு இல்லை) 1728-ல் எழுதிய கடிதத்தில், தன் அறையில் அவர் நாயும் வளர்க்கவில்லை, பூனையும் வளர்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

ஆடிட்டிங் பேப்பரில் எங்களுக்குச் சொல்லித்தருவது இதுதான்: வவுச்சர் எங்கே? பிஷப்பின் பூனைக்கு வவுச்சர் இருக்கிறது. 8 பென்ஸ், தச்சர் கூலி, எந்தக் கதவு, யாருக்காக, எல்லாம். நியூட்டன் பூனைக்குக் கதை மட்டும்தான். ஆனாலும் பாருங்கள், ஊரெல்லாம் தெரிந்தது நியூட்டன் பூனை. காட்டன் பிஷப்பை எத்தனை பேருக்குத் தெரியும்? பெரிய மனிதர் ஒருவர் முட்டாளாக நிற்கும் கதையை நமக்கு விட மனசு வருவதில்லை. சின்னச் செலவை ஒழுங்காக எழுதிவைத்த கணக்குப்பிள்ளையை யாரும் நினைப்பதும் இல்லை.

ஓட்டையின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெறும் ஓட்டையில் குளிர்காற்று வரும் என்பதால் ஆடும் பலகை வந்தது. பலகையைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பூனையும் வந்தது. அதனால் காந்தப் பூட்டு வந்தது. பூனையின் கழுத்துப்பட்டையில் ஒரு காந்தம் தொங்கினால்தான் கதவு திறக்கும். பட்டை கழன்று விழுந்தால் சொந்தப் பூனையே தெருவில். காந்தத்தில் ஆணி, குண்டூசி எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும் கூத்து வேறு. பிறகு, 2000-களின் பிற்பகுதியில் தோலுக்கடியில் இருக்கும் மைக்ரோசிப்பைப் படித்துத் திறக்கும் கதவு வந்தது. அரிசிமணி அளவு சிப், அதற்கு பேட்டரி கிடையாது. கதவில் இருக்கும் கம்பிச்சுருள் தரும் ஆற்றலிலேயே தன் 15 இலக்க எண்ணைச் சொல்லிவிடும். அந்த எண் பட்டியலில் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் 20 வாரம் தாண்டிய வீட்டுப்பூனைக்குச் சிப் கட்டாயம் என்று சட்டமே வந்துவிட்டது. 2019-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் அமேசான் ஊழியர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். பூனை வாயில் எலியோ பறவையோ கவ்விக்கொண்டு வந்தால் கேமரா கண்டுபிடித்து 15 நிமிடம் கதவைப் பூட்டிவிடும்படி செய்துவிட்டார்.

இது சிரிப்பு விஷயம் மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவின் கான்பெரா பகுதியில் 2022 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்த பூனைகளை வெளியே விடவே கூடாது, வீட்டு எல்லைக்குள்தான் வைத்திருக்க வேண்டும். அங்கே சிறு விலங்குகளும் பறவைகளும் பூனைகளால் அழிகின்றன என்பதே காரணம். எலி பிடிக்கத்தான் மனிதன் கதவை வெட்டினான். எலியோடு நிறுத்திக்கொள்ளும்படி பூனையிடம் யாரும் ஒப்பந்தம் போடவில்லை.

எங்கள் வீட்டு அனுபவமும் இதேதான். வலைக்கதவின் கீழ்ப் பலகையில், கருப்பியின் வயிற்று மட்டத்துக்குச் சரியாக, 6 அங்குல அகலம், 7 அங்குல உயரத்தில் கார்பெண்டர் அண்ணன் வெட்டினார். பூனைக்குக் காறை எலும்பு வேறு எலும்போடு சேராமல் தசைக்குள் மிதப்பதால், தலை நுழைந்த இடத்தில் உடம்பும் நுழைந்துவிடும் என்று படித்திருந்தேன். அது சரி, முதலில் தலையை நுழைக்க வேண்டுமே! ரப்பர் மடிப்பைப் பார்த்து ஒரு வாரம் பயந்தது. மடிப்பை மேலே தூக்கி ஒட்டிவைத்து, உள்ளே நெத்திலிக் கருவாடு போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். பத்தாம் நாள் தானாகத் தள்ளிக்கொண்டு வந்தது. அம்மா கைதட்டினாள்.

மூன்றாம் மாதம் ஒரு தேன்சிட்டைக் கவ்விக்கொண்டு அதே வழியாக வந்து, அதே அம்மாவின் காலடியில் போட்டது. அம்மா அன்று சாப்பிடவில்லை. அது கத்துகிறது என்று நாங்கள் எழுந்து போய்க் கதவைத் திறந்த காலத்தில், வாயில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திறப்போம். இப்போது பார்க்க ஆள் இல்லை. வசதி என்று நாம் சொல்வதில் பாதி, பார்க்காமல் இருப்பதுதானோ என்று தோன்றியது.

இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். சாயங்காலம் 6 மணிக்கு கருப்பி சாப்பிட உள்ளே வந்ததும் ஒரு பலகையைச் செருகிவிடுவோம். விடிந்து, தோட்டத்தில் பறவைகள் இரை பொறுக்கி முடித்த பிறகுதான் எடுப்போம். முழுத் தீர்வு இல்லை என்று தெரியும். ஆனால் மழை வரும்போல் இருந்தால், பூனை உள்ளே இருக்கிறதா என்று பார்க்காமல் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பலகையைச் செருகுவதில்லை. முக்கியமாக அப்பா.

அந்தப் பலகைக்கு 40 ரூபாய். அதுவும் நோட்டில் ஏறியிருக்கிறது.

உங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் கதவிலோ சுவரிலோ பூனைக்கென்று வழி விட்டிருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். முடிந்தால் வவுச்சரோடு :-)