சாவடியில முன்னாடி படுத்துத் தூங்கலாம்!

எறையூர் பக்கத்துல திருமாந்துறை சுங்கச்சாவடியைத் தாண்டியிருப்பீங்க. சுங்கம் சரி, சாவடின்னா என்ன?

ஊருக்குப் பொதுவான கட்டடம். மணியக்காரர் அங்கதான் வரி வாங்குவார், வழக்கு பேசுவாங்க, வழிப்போக்கர் ராத்திரி படுத்துப்பாங்க. போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஒரு காலத்துல இதே பேர். தெலுங்கு, கன்னடம், மராத்தியிலயும் இந்தச் சொல் இருக்கு.

ஸ்காட்லாந்தோட 'டோல்பூத்'தும் இப்படித்தான். பேர்ல சுங்கம், உள்ளே நகர மன்றம், கோர்ட், ஜெயில். எடின்பரோவுல அதை 1817-ல இடிச்சாங்க. அந்த இடத்துல தரையில பதிச்ச கல் இதயத்து மேல மக்கள் இன்னிக்கும் துப்பிட்டுப் போறாங்க!

இங்கே சுங்கத்தை நீக்கின முதலாம் குலோத்துங்கனுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்'னு பட்டமே கிடைச்சது. நம்ம ஹைவே சாவடியில மிஞ்சினது அந்தச் சுங்கம் மட்டும்தான்.