கிளியூர் அருவியும் 1842 என்ற பொய்க் கணக்கும்

சேலம் பக்கத்துக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு "டூர்" என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஏற்காடுதான். தேர்வு முடிந்த மறுநாள் நாலு பைக், எட்டு நண்பர்கள், இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏரியில் ஒரு படகு சவாரி, லேடீஸ் சீட்டில் ஒரு போட்டோ, கடைசியாகக் கிளியூர் அருவி. ஏரியிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரம். வண்டியை மேலே நிறுத்திவிட்டுச் சரிவில் இறங்க வேண்டும். மழைக்காலமாக இருந்தால் சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் தண்ணீர் வரவேற்கும். கோடைக்காலமாக இருந்தால் வெறும் பாறைதான்!

ஏன் இப்படி? கிளியூருக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் உபரி நீர். மழை பெய்ய வேண்டும், ஏரி நிரம்ப வேண்டும், அதன் பிறகுதான் அருவி. வங்கிக் கணக்கு மாதிரிதான், வரவு இல்லாவிட்டால் செலவும் இல்லை. ஏற்காடு என்ற பெயரையே "ஏரி", "காடு" என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை என்றுதான் சொல்கிறார்கள். ஆக, அந்த அருவிக்கு வேண்டிய இரண்டும் ஊர்ப் பெயரிலேயே இருக்கின்றன.

சரி, இந்த இடத்தின் சரித்திரம் என்ன? இணையத்தில் தேடினால் பல சுற்றுலாப் பக்கங்கள் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிச் சொல்லும். "1842-ல் சென்னை மாகாண கவர்னர் சர் தாமஸ் மன்றோ ஏற்காட்டைக் கண்டுபிடித்தார்." படித்ததும் நம்பத் தோன்றுகிறது, இல்லையா? ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் இடிக்கிறது.

மன்றோ கவர்னராக இருந்தது 1820 முதல் 1827 வரை. 1827 ஜூலையில், இன்றைய ஆந்திராவின் கர்னூல் மாவட்டத்தில் உள்ள பத்திகொண்டாவில் காலரா தாக்கி இறந்துபோனார். இறந்து 15 வருடங்கள் கழித்து ஒருவர் எப்படி மலை ஏறியிருக்க முடியும்?

மன்றோவுக்கும் சேலத்துக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளில் சேலமும் பாராமகாலும் அடக்கம். அவற்றை நிர்வகிக்கக் கும்பெனி அனுப்பியவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளராக வந்த இளம் ராணுவ அதிகாரிதான் மன்றோ. 1799 வரை இந்தப் பகுதியில் நிலத்தை அளந்து வரி விதிக்கும் வேலையில் இருந்தார். பின்னாளில் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய ரயத்துவாரி முறையின் ஆரம்பப் பாடம் இங்கேதான் நடந்தது. பெரிய மனிதரின் பெயர் ஊரோடு ஒட்டிக்கொண்டதற்கு அது காரணமாக இருக்கலாம். ஆனால் 1842 என்ற வருடம் எந்த வகையிலும் பொருந்தாது.

அதற்கு வெகு முன்பே, 1820களில், சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் மலைக்கு வந்துவிட்டார். காபி, பேரிக்காய், ஆப்பிள் ஆகியவற்றை இங்கே பயிரிட்டுப் பார்த்தவர் இவர். "கிரேஞ்ச்" என்ற எஸ்டேட் இவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது. சிலர் இவரை ஏற்காட்டின் தந்தை என்றே சொல்வார்கள்.

அப்படியானால் மன்றோ பெயரை அடித்துவிட்டுக் காக்பர்ன் பெயரை எழுதினால் கணக்கு நேராகிவிடுமா? இல்லை. "கண்டுபிடித்தார்" என்ற சொல்லே தவறு.

காக்பர்ன் வந்தபோது இந்த மலை ஆளில்லாத மலை அல்ல. மலையாளி என்ற பழங்குடி மக்கள் பல தலைமுறைகளாக இங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று நினைக்க வேண்டாம், அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய மூன்று அண்ணன் தம்பிகளின் வழியில் வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை என மலைகள்தோறும் அவர்கள் பரவியதற்கு அந்தக் கதையே விளக்கம். சுமார் 5,300 அடி உயரத்தில் உள்ள சேர்வராயன் கோயில் அவர்களுடைய தெய்வத்தின் இடம். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களே திரண்டு வரும்.

அவர்களுக்கும் முன்னால்? இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை எனப்படும் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஓய்வுக்குப் பின் வாழ்ந்த ஊர் ஏற்காடு. 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர் அவர். சேர்வராயன் மலைகளிலும் புதிய கற்காலக் கருவிகளைச் சேகரித்தார். அதாவது, காபிச் செடி வருவதற்குப் பல ஆயிரம் வருடங்கள் முன்பே இங்கே மனிதர்கள் இருந்திருக்கிறார்கள்.

ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. "கண்டுபிடிக்கப்பட்ட" நிலம் என்றால் அதற்கு முன் அது யாருக்கும் சொந்தமில்லை என்று ஆகிவிடுகிறது. காடாக இருந்த சரிவுகள் எஸ்டேட்டுகளாக மாறியபோது, அங்கே தினை, சாமை விதைத்து வாழ்ந்தவர்களிடம் யாராவது கேட்டார்களா என்ற கேள்வியே எழாமல் போகிறது. இன்றைக்கு ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கான தனித்தொகுதி. மலை யாருடையது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

அடுத்த அத்தியாயம் பாக்சைட். இந்த மலையின் உச்சிகளில் அலுமினியத் தாது இருந்தது. 1960களில் தொடங்கப்பட்ட மேட்டூர் மால்கோ ஆலைக்கு இங்கிருந்து தாது போனது. பிற்காலத்தில் அந்த ஆலையில் அலுமினிய உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் தோண்டிய இடத்தில் மேல்மண் திரும்பி வருவது அவ்வளவு எளிதல்ல. மலையில் பெய்யும் மழையைப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுவது அந்த மண்ணும் மரங்களும்தான். அவை குறைந்தால் மழை பெய்த இரண்டு நாளில் வெள்ளம், இருபதாம் நாள் வறட்சி.

ஆகவே கிளியூரில் தண்ணீர் விழுகிறதா என்பது வானத்தை மட்டும் பொறுத்ததல்ல. மேலே இருக்கும் காட்டையும், ஏரியையும், அவற்றைப் பார்த்துக்கொள்பவர்களையும் பொறுத்தது.

நண்பர்களோடு போகிறவர்கள் மழைக்குப் பிறகு போங்கள். பாறை வழுக்கும், விளிம்பில் நின்று போட்டோ எடுக்க வேண்டாம். பிளாஸ்டிக் பாட்டிலைக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள். வண்டி ஓட்டும் நண்பன் "இந்த ஊரை மன்றோ கண்டுபிடிச்சார்டா" என்று ஆரம்பித்தால், அவர் இறந்த வருடத்தை மட்டும் சொல்லுங்கள், போதும்!