தேக்கு வேடம் கட்டிய நுரை

புளோரிடாவின் கிழக்குக் கரையில் ஏதாவது ஒரு படகுத்துறையில் நின்று, கட்டிக் கிடக்கும் மீன்பிடிப் படகுகளை மேலிருந்து பாருங்கள். சிலவற்றில் தேக்குப் பலகை பாவியிருப்பதாகத் தோன்றும். பழுப்புப் பட்டைகள், பட்டைகளுக்கு நடுவே கறுப்புக் கோடுகள், ஓரம் சுற்றிச் சட்டம் வைத்தாற்போல் ஒரு கரை. காலை வைத்தால்தான் குட்டு உடையும். தளம் மெத்தென்று அமுங்கும். மரம் என்று நினைத்தது ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள நுரைத் தகடு. எத்திலீன் வினைல் அசிட்டேட் என்ற நீளப் பெயரைச் சுருக்கித் தொழிற்சாலைக்காரர்கள் ஈவிஏ என்கிறார்கள். படகுக்காரர்களுக்கு அது வெறும் ஃபோம்.

அதன் பூர்விகம் எண்ணெய், எரிவாயுக் குழாய்களில் இருக்கிறது. எரிவாயுவிலிருந்தோ நாப்தாவிலிருந்தோ கிடைக்கும் எத்திலீன் ஒரு பக்கம். அதே எத்திலீனோடு அசிட்டிக் அமிலத்தையும் ஆக்சிஜனையும் சேர்த்து, பல்லேடியம் வினையூக்கியின் மேல் செலுத்திப் பெறும் வினைல் அசிட்டேட் மறுபக்கம். இரண்டையும் கடும் அழுத்தத்தில் பிணைத்தால் ஜவ்வரிசி போன்ற குருணை வந்து விழும். வினைல் அசிட்டேட் ஏற ஏறப் பொருள் ரப்பரைப் போலக் குழையும், குறைந்தால் பாலித்தீனைப் போல விறைக்கும். நுரைக்கு வழக்கமாக எடையில் 18 முதல் 28 சதவீதம் வரை. ஓட்டக் காலணியின் நடு அடி, பசைத் துப்பாக்கியில் போடும் குச்சி, சூரிய மின்தகட்டில் கண்ணாடியையும் சிலிக்கானையும் சேர்த்துப் பிடித்திருக்கும் மெல்லிய ஏடு எல்லாம் இந்தக் குடும்பத்து உறவுக்காரர்கள்தான்.

குருணையை நுரையாக்குவது ஒரு மஞ்சள் பொடி. அசோடைகார்பனமைடு என்று பெயர். அமெரிக்காவில் ரொட்டி மாவில் பத்து லட்சத்தில் 45 பங்கு வரை சேர்க்க இதற்கு அனுமதி இருந்ததால், 2014இல் அங்கே பெரிய சச்சரவு கிளம்பியது. யோகா பாயில் போடுவதை ரொட்டியிலும் போடுவதா என்று கேட்டு ஒரு சாண்ட்விச் கடைத்தொடரையே பொடியைக் கைவிட வைத்தார்கள். நுரைத் தொழிலில் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை, அங்கே பொடி இல்லாமல் வேலை நடக்காது. சூடேறும்போது அது சிதைந்து பெரும்பாலும் நைட்ரஜனை வெளிவிடும். துத்தநாக ஆக்சைடு கூட இருந்தால் குறைந்த சூட்டிலேயே சிதையும். இவற்றோடு நிறமி, சுண்ணாம்புத் தூள், பெராக்சைடு ஒன்று. பெராக்சைடின் வேலை, நீளநீளமான மூலக்கூறுகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவது. இந்த முடிச்சு விழுந்துவிட்டால் பிறகு அந்தப் பொருளை உருக்க முடியாது.

கலவையை உருளைகளில் தேய்த்துத் தகடாக்கி, சூடான அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். உள்ளே வாயு பிறந்துகொண்டே இருக்கும், அச்சின் பிடி அதை விரிய விடாது. நேரம் முடிந்து அச்சைத் திறந்ததும் பாளம் பட்டென்று துள்ளி வெளியே வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கிவிடுகிறது. நீளமும் அகலமும் அச்சைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். அதன் பிறகு அதை அவசரப்படுத்தாமல் ஆறவிட வேண்டும். ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை ஆலையிலேயே முடிக்க விடாமல் ஏற்றுமதிக்கு அனுப்பினால், மீதிச் சுருக்கம் படகின் மேல் நடக்கும். மலிவான தகட்டுக்கும் நல்ல தகட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இந்தப் பொறுமைதான் என்பது என் கணிப்பு. அந்தப் பாதி கடையில் காட்டும் நிறப்பலகையில் தெரியாது.

ஆறிய பாளத்தின் தோலைச் சீவிவிட்டு, ஏடு ஏடாக அறுக்கிறார்கள். வெட்டுப் பரப்பைப் பெரிதாக்கிப் பார்த்தால் அடைத்த சிறு அறைகள் தெரியும். ஒவ்வொரு அறையும் தனித்தனி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வாசல் கிடையாது. அதனால் தண்ணீர் உள்ளே ஏறாது. படகுகளில் இதற்கு முன்பு ஒட்டியிருந்த கம்பளத்தோடு ஒப்பிட்டால் இதன் அருமை புரியும். கம்பளம் நனைந்தால் காய நாளாகும், அடியில் இருக்கும் ஒட்டுப்பலகை அதற்குள் ஊறி உளுத்துவிடும், மீன் வாடை போகவே போகாது.

வேடம் கட்டுவது அடுத்த கட்டம். கறுப்பு ஏட்டின் மேல் பழுப்பு நிறத்தில் இன்னொரு மெல்லிய ஏட்டைச் சேர்த்து ஒட்டுகிறார்கள். கணினி ஓட்டும் ரூட்டர் கத்தி பழுப்பை மட்டும் கீறிக்கொண்டு போனால் அடியிலிருக்கும் கறுப்பு வெளியே தெரியும். தேக்குப் பலகைகளின் சந்தில் கப்பல் தச்சர் நிரப்பும் கறுப்புப் பூச்சு போலவே இருக்கும்.

ஏன் தேக்கு? எண்ணெய்ப் பசையுள்ள மரம், உப்புத் தண்ணீரில் எளிதில் அழுகாது, நனைந்தாலும் கால் வழுக்காது. மலபார்த் தேக்கில் பம்பாயின் வாடியா குடும்பத்தார் 1817இல் கட்டி முடித்த எச்.எம்.எஸ். டிரிங்கோமலி என்ற கப்பல், திருகோணமலையின் பெயரைச் சுமந்தபடி இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. கப்பல் கட்டக் காடுகளை வெட்டித் தீர்த்த பிறகுதான் 1840களில் நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்கத் தொடங்கினார்கள். மலபார் குறைந்தபோது பர்மா கைகொடுத்தது.

ஃபைபர் கிளாஸ் படகுகள் வந்தபோதும் ஆசை விடவில்லை. 1970, 80களில் தைவானில் கட்டப்பட்ட பல பாய்மரப் படகுகளில் ஃபைபர் தளத்தின் மேல் தேக்குப் பட்டைகளைத் திருகாணி போட்டு இறுக்கினார்கள். ஒரு படகுக்கு ஆயிரக்கணக்கான திருகாணி என்றால் அத்தனை துளை. சில பத்தாண்டுகள் கழித்து ஒவ்வொரு துளை வழியாகவும் தண்ணீர் இறங்கி, உள்ளிருக்கும் பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ கூழாகிப்போனதை இன்றைய உரிமையாளர்கள் தங்கள் செலவில் தெரிந்துகொள்கிறார்கள். போதாததற்கு, மியான்மர் 2014இல் மரத்தடி ஏற்றுமதியைத் தடை செய்தது. 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின் மேல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. சட்டத்துக்கு உட்பட்ட நல்ல தேக்கு அரிதாகிவிட்டது, தேக்கு தரும் கௌரவம் மட்டும் அப்படியே நிற்கிறது. நுரை அந்த வெற்றிடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. எடையிலும் அதற்குச் சாதகம்தான். பத்து மில்லிமீட்டர் தேக்கு சதுர மீட்டருக்கு ஆறரை கிலோ அளவுக்கு வரும், இந்த நுரை ஒரு கிலோவை ஒட்டித்தான்.

ஆனால் நுரை நேராகப் படகுக்கு வரவில்லை, அலைச்சறுக்குப் பலகை வழியாகச் சுற்றி வந்தது. பலகையில் கால் வழுக்காமலிருக்க மெழுகு தேய்ப்பது வழக்கம். கலிபோர்னியாவில் ஹெர்பி பிளெட்சர் 1970களில் மெழுகுக்கு மாற்றாக ஆஸ்ட்ரோடெக் என்ற பிடிப்புப் பட்டையைக் கொண்டுவந்தார். 1973இல் கவாசாகி ஜெட் ஸ்கியைச் சந்தைக்கு விட்டதும் நீரில் நின்றுகொண்டே ஓட்டுகிறவரின் காலடிக்கும் பாய் தேவைப்பட்டது. அலைச்சறுக்கு வீரர் கெல்லி ஸ்லேட்டர் பிறந்த கோகோ பீச்சுக்கு எதிரே, காயலின் மேற்குக் கரையில் ராக்லெட்ஜ் என்ற ஊர். இப்படிப்பட்ட நீர் விளையாட்டுச் சாமான்களுக்கு நுரை வெட்டித் தந்துகொண்டிருந்த ஒரு நிறுவனம் அங்கிருந்துதான் சீடெக் என்ற பெயரில் படகுத் தளத்தை விற்க ஆரம்பித்தது. இன்று அந்தப் பெயரையே பொருளின் பெயராகச் சொல்லுகிறவர்களும் உண்டு.

இனி நம் தகடு கடைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை வாங்கப்போவது இருபது, இருபத்திரண்டு அடிப் படகு ஒன்று. உரிமையாளர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து நிறப்பலகையை விரிக்கிறார். விரல் நேரே பழுப்பும் கறுப்பும் கலந்த தேக்கு நிறத்துக்குப் போகும். எனக்கு அங்கேதான் மனக்குறை. மரத்தின் முகம் இந்தப் பொருளுக்கு இரவல். அதற்கே சொந்தமான குணங்கள் வேறு: முழங்காலுக்கு இதம், ஊறாத உடம்பு, விழும் பொருளின் சத்தத்தை விழுங்குவது. இரவல் முகத்துக்காகச் சொந்தக் குணங்களில் சிலவற்றைக் கைவிட வேண்டியிருக்கிறது. அடர் நிறம் வெயிலை உறிஞ்சும். ஜூலை மதியத்தில் கறுப்பும் கரும்பழுப்பும் வெறுங்காலைச் சுட்டு ஓட வைக்கும். இளஞ்சாம்பல் நிறத்தில் அதே நேரம் நிற்க முடியும். கீறிய கோடுகளில் செதிலும் மணலும் தங்கும். மீன்பிடிக்க மட்டுமே படகு வைத்திருப்பவர் கோடே இல்லாத வெளிர் சாம்பலை எடுப்பது நல்லது. வெள்ளையை எடுத்தால் ரத்தக் கறையோடு ஆயுள் முழுக்கப் போராட வேண்டும்.

மேற்பரப்பிலும் இரண்டு வகை. தேய்த்து மென்மையாக்கியது காலுக்குப் பஞ்சாக இருக்கும், அழுக்கைக் கொஞ்சம் பிடித்துவைக்கும். சிறு புள்ளிகள் அழுத்தியது பிடிப்பாக இருக்கும், கழுவச் சுலபம். கனம் தளத்துக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் போதும். சுக்கானுக்கு முன்னால் மணிக்கணக்கில் நிற்கும் இடத்தில் மட்டும் இருபது மில்லிமீட்டர் வரை கனமான திண்டு போட்டுக்கொள்ளலாம். அலையில் படகு தட்டித் தட்டி ஓடும்போது இடுப்பு அதற்கு நன்றி சொல்லும். தளம் முழுவதுக்கும் அத்தனை கனம் கேட்டால் கதவு மூடிகள் திறக்காது.

நிறத்துக்கு அரை நாள் செலவழிப்பவர் அளவெடுப்பதற்கு அரை மணி நேரம்கூட உட்காருவதில்லை. தகட்டின் விதி அங்கேதான் எழுதப்படுகிறது. படகின் தளத்தில் நேர்க்கோடு என்று ஒன்று கிடையாது, இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒன்றுபோல இருக்காது. ஒரே மாடல் படகு இரண்டை அருகருகே நிறுத்தினாலும் வித்தியாசம் காணலாம். அதனால் மைலார் எனப்படும் கெட்டியான ஒளி ஊடுருவும் ஏட்டைத் தளத்தில் விரித்து, ஒட்டுநாடாவால் பிடித்து, பேனாவால் ஓரங்களை வரைந்தெடுக்கிறார்கள். புரோலைனர் என்ற ஒல்லாந்துக் கருவி வைத்திருப்பவர்கள் கம்பியின் நுனியில் இருக்கும் முள்ளை ஓரமாக நகர்த்திக்கொண்டே போவார்கள், கணினி புள்ளிகளை எழுதிக்கொள்ளும். எதில் எடுத்தாலும் நல்ல கைக்காரர் விளிம்பிலிருந்து கால் அங்குலமாவது உள்ளே விடுவார். வடிகால் துளை, கதவு மூடி, நாற்காலிக் கால், மீன்தொட்டி வாய் எல்லாவற்றைச் சுற்றியும் அதே இடைவெளி. விளிம்புவரை நிறைத்து ஒட்டிய நுரைதான் முதலில் தூக்கும்.

இணைப்பு எங்கே வரும் என்பதையும் வெட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும். தகடு ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளம்தான் வருகிறது. ஆகவே இணைப்பு இல்லாத தளம் கிடையாது. முன்பு சொன்ன மீதிச் சுருக்கம் வாயைத் திறப்பதும் இந்த இணைப்பில்தான். அடிக்கடி மிதிபடும் நடைபாதையின் நடுவே அது விழாமல், கதவு மூடியின் கோட்டோடு ஒட்டிப் போகும்படி வரைந்துவிட்டால் பின்னால் கொஞ்சம் திறந்தாலும் கண்ணை உறுத்தாது.

ஒட்டும் நாள் கதை சீக்கிரம் முடிந்துவிடும். பசை தகட்டின் அடியிலேயே இருக்கிறது, காகிதத்தை உரிக்க வேண்டியதுதான். ஆனால் புதுப் படகின் மேல் அச்சிலிருந்து வந்த மெழுகு இருக்கும், பழைய படகின் மேல் எண்ணெய்ப் படலம் இருக்கும். அசிட்டோன் நனைத்த துணியை மாற்றி மாற்றித் துடைத்து, துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை விடக்கூடாது. தளத்தில் கரடுமுரடான வழுக்காப் புள்ளிகள் இருந்தால் பசை புள்ளிகளின் உச்சியை மட்டும் தொடும், பள்ளத்தில் காற்று நிற்கும்; அப்படிப்பட்ட தளத்தைத் தேய்த்து மட்டமாக்காமல் ஒட்டுவது வீண். குளிர்ந்த தளத்திலும் பசை பிடிக்காது. ஒரு முனையில் ஆரம்பித்து, உருளையால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். குறைந்தது ஒரு நாளாவது தண்ணீர் காட்டாமல் விட வேண்டும். பசை முதல் தொடுதலிலேயே கவ்விவிடும், நகர்த்திச் சரிசெய்ய இடம் தராது. இரண்டு பேர் வேண்டும் என்று சொல்வதற்கு அதுதான் காரணம்.

பிறகு உழைப்பு. தூண்டில் முள் குத்தும், மீன் வெட்டும் கத்தி வழுக்கிக் கீறும், ஐஸ்பெட்டி ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் பள்ளம் விழும். நீக்கவே முடியாத கறைகளில் ஒன்று சன்ஸ்கிரீன், இன்னொன்று தூண்டில் பெட்டியின் துரு. பெட்ரோல் சிந்தினால் நுரை ஊதிவிடும், உடனே கழுவ வேண்டும். கழுவச் சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். ஒட்டுவதற்கு முன் தளத்தைத் துடைத்த அசிட்டோனை ஒட்டிய பிறகு கிட்டவே கொண்டுவரக் கூடாது. இத்தனைக்கும் மேலே சூரியன். நிறம் வெளுப்பதும், மேற்பரப்பு மாவாக உதிர்வதும், ஓரங்கள் பின்வாங்குவதும் அதன் வேலை. வெய்யில் நேரத்தில் மேலே ஒரு துணிக் கூரை போட்டு வைப்பவரின் தளம் பல ஆண்டுகள் கூடுதலாகத் தாங்கும்.

கடைசியில் உரிக்க வேண்டிவரும். வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் சூடு காட்டி, சுரண்டியால் மெல்ல நெம்பினால் நுரை துண்டு துண்டாக வரும், பசை தளத்திலேயே தங்கிவிடும். ஒட்ட ஆன நேரத்தைவிட இந்தப் பசையைச் சுரண்டும் நேரம் அதிகம். புதுத் தகட்டுக்கு விலை கேட்கும்போது பழையதை எடுக்கும் கூலியையும் சேர்த்துக் கேட்காதவர்கள் இங்கேதான் அதிர்ந்துபோவார்கள். அளவெடுத்த கோப்பு கடைக் கணினியில் இருந்தால் மறுபடி அளவெடுக்கத் தேவையில்லை, இடையில் எந்த மூடியையும் நாற்காலியையும் மாற்றாமல் இருந்திருந்தால். பெராக்சைடு போட்ட முடிச்சு அவிழாது என்பதால் உரித்ததை உருக்கி இன்னொன்றாக வார்க்கவும் வழியில்லை. நல்லதாகத் தேறும் ஒன்றிரண்டு துண்டுகள் பட்டறையில் மண்டியிட்டு வேலை பார்ப்பவரின் முழங்காலுக்கு அடியில் போகும். மீதி குப்பை லாரியில்.