சுட்ட நாடா, குட்ட நாடா?

ஆலப்புழையிலிருந்து சங்கனாச்சேரிக்குப் போகும் சாலையில் வாய்க்கால் தண்ணீர் மேலே நிற்கும். நெல்வயல் அதற்குக் கீழே கிடக்கும். இடையில் இருப்பது ஒரு மண்கரைதான். பம்பை, மணிமலை, மீனச்சில், அச்சன்கோவில் ஆகிய நான்கு ஆறுகளும் வேம்பநாட்டுக் காயலை நோக்கி வந்து சேரும் இந்த வட்டாரத்தில், கடல்மட்டத்துக்கு 0.6 முதல் 2.2 மீட்டர் வரை தாழ்ந்த நிலத்தில் நெல் விளைகிறது. இதுதான் குட்டநாடு.

பெயர்க் காரணம் கேட்டால் அங்கே பலரும் சொல்வது ‘சுட்ட நாடு’. மகாபாரதத்தில் வரும் காண்டவ வனம் எரிந்தது இங்கேதான், எரிந்த நாடு சுட்டநாடு ஆகி, அதுவே குட்டநாடாகத் திரிந்தது என்பார்கள். சான்றாகக் காட்டுவது கரிநிலங்கள் எனப்படும் கறுமண் வயல்களைத் தோண்டும்போது கிடைக்கும் கறுத்த மரத்துண்டுகள். அம்பலப்புழை அருகே கருமாடியில் இருக்கும் புத்தர் சிலையைக் ‘கருமாடிக்குட்டன்’ என்பதால், குட்டனின் நாடே குட்டநாடு என்பாரும் உண்டு.

சுட்டநாட்டுக் கதை அழகானது. ஆனால் மொழி அதற்கு இடம் தரவில்லை. ககரம் சகரமாவது நமக்குப் பழக்கமானது: கன்னடத்தில் கிவி, தமிழில் செவி. சகரம் ககரமாகித் திரும்பியதற்கு வழக்கில்லை. மரம் கறுத்ததற்கும் தீ தேவையில்லை. காற்றுப் புகாத சேற்றில் நெடுங்காலம் புதைந்து கிடந்தாலே மரம் கறுத்துவிடும்.

குட்டம் என்றால் ஆழம், குளம். குட்டை, குண்டு, குண்டம் எல்லாம் ஒரே குடும்பம். நீர் தேங்கும் தாழ்நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறென்ன இருக்க முடியும்? பெயரின் பழமைக்கும் குறைவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி, ‘கொட்டனாரா’ என்னும் நாட்டிலிருந்து மரத்தைக் குடைந்து செய்த ஓடங்களில் மிளகு துறைமுகத்துக்கு வந்ததை எழுதினார். அறிஞர்கள் பலர் இதைக் குட்டநாடு என்று கொள்கிறார்கள். அன்றே ககரம்தான்! சேரர்களில் செங்குட்டுவன், பல்யானைச் செல்கெழு குட்டுவன் என்ற பெயர்களும் இந்த நாட்டை ஒட்டியவை. தொல்காப்பிய உரைகாரர்கள் செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலங்களில் குட்டத்தையும் எண்ணி, குட்டநாட்டார் தாயைத் ‘தள்ளை’ என்பர் என்று குறித்தார்கள். மலையாளத்தில் ‘தள்ள’ இன்றும் உயிரோடு இருக்கிறது. உரைகாரர்கள் காதால் கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்று நம்ப எனக்கு இந்த ஒரு சொல் போதும்.

ஆழம் இயற்கை தந்தது; வயல் மனிதர் செய்தது. காயலுக்குள் தென்னங்குற்றிகளை நட்டு, மூங்கில் தட்டி கட்டி, முங்கி எடுத்த களிமண்ணை நிரப்பிக் கரை எழுப்பினார்கள். உள்ளே நின்ற நீரைக் காலால் மிதிக்கும் சக்கரங்களால் இறைத்தார்கள். சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்று அரச குடும்பத்துப் பெயர் தாங்கிய காயல் நிலங்கள் 1940களில் மீட்கப்பட்டவை. அந்தச் சேற்றில் நின்ற புலையர், பறையர் பெயர் எந்த நிலத்துக்கும் வைக்கப்படவில்லை. அவர்கள் வாழ்வைத் தகழி சிவசங்கரப் பிள்ளை ‘ரண்டிடங்கழி’ நாவலில் எழுதினார்.

கரை உடைவதை அங்கே ‘மடவீழ்ச்ச’ என்பார்கள். ஒரு மடவீழ்ச்ச போதும், ஒரு பாடசேகரத்தின், அதாவது ஒரே கரைக்குள் அடங்கிய வயல் தொகுதியின், விளைச்சல் முழுக்கப் போய்விடும். 2018 வெள்ளத்தில் குட்டநாடே மூழ்கி, மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேற நேர்ந்தது.

வேம்பநாட்டு ஈரநிலம் 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2013இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு, கடல்மட்டத்துக்குக் கீழே நடக்கும் இந்த வேளாண்மையை உலக மரபாக ஏற்றது. நெல்வயலையும் ஈரநிலத்தையும் மண்கொட்டி மூடுவதைத் தடுக்க 2008இல் கேரளம் சட்டமும் இயற்றியிருக்கிறது. அந்தச் சட்டத்தைத் தளர்த்தாமல் நடத்த வேண்டும். இந்தக் குட்டம் தூர்ந்தால் நான்கு ஆற்று வெள்ளமும் ஊருக்குள்தான் வரும்.